மேட்ச் பார்க்கிற இடத்தில் அரசியல் பேசக்கூடாது என்று விதி போடலாமா?

கேள்வி: உப்புவெளி கோல்கீப்பர்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்தில் நெல்மூட்டை அடுக்கிய பழைய ஸ்டோர் ஒன்று சும்மா கிடந்தது. அதில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, சனி ஞாயிறு இரவுகளில் இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்க்கிறோம். வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறவர்கள், ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர், சீனக்குடா மா ஆலையில் வேலை செய்கிற ஒருவர், கூட்டுறவு வங்கியில் இருக்கிற என் மச்சான், அபயபுரவிலிருந்து ஓட்டோ ஓட்டுகிற ஒரு சிங்கள அண்ணன், கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பொடியன்கள். முன்பென்றால் அவர்கள் பாதைக்காக, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்காக, துறையில் காத்து நிற்க வேண்டும், இரவில் திரும்பிப் போகவும் முடியாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் இப்படிக் கூடவே முடிந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் நியூகாசில் ஆடிய மேட்ச் ஒன்று. அந்தக் கழகத்தை 2021 ஒக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியம் முன்னின்று வாங்கியது உங்களுக்குத் தெரியும். 2034 உலகக் கிண்ணமும் சவூதிக்குத்தான் என்று 2024 டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது. இடைவேளையில் ஒருவர், "அந்த மைதானங்களையும் எங்கட பொடியன்கள்தான் வெயிலில் நின்று கட்டப்போகிறார்கள்" என்றார். இன்னொருவர், "அந்தக் காசு வராவிட்டால் இந்த ஊரில் எத்தனை வீட்டுக்குக் கூரை இருந்திருக்கும்?" என்று கேட்டார். இரண்டு பேரும் பேசியது நியாயம். ஆனால் மூன்றாவது ஒருவர் மதத்தை இழுத்தார். சத்தம் கூடியது. இரண்டு பேர் இரண்டாம் பாதி பார்க்காமலே எழுந்து போய்விட்டார்கள், இன்னும் வரவில்லை.

மாஸ்டர் இப்போது சுவரில் ஒரு காகிதம் ஒட்டச் சொல்கிறார்: "விளையாட்டு மட்டும் பேசவும்." பலர் சரி என்கிறார்கள். இடம் என்னுடையது என்பதால் முடிவும் என் தலையில்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மேட்ச் பார்க்க வேண்டுமானால் ஆளாளுக்குக் கையில் போன் இருக்கிறது. இருந்தும் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால் சேர்ந்து பேசத்தான். மான்செஸ்டர் யுனைட்டட் ஏன் இப்படி ஆனது என்று ஒரு பொடியன் கேட்டபோது மச்சான் சொன்ன விளக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். 2005இல் கிளேசர் குடும்பம் அந்தக் கழகத்தை ஏறக்குறைய 79 கோடி பவுணுக்கு வாங்கியது, அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கழகத்தின் கணக்கிலேயே ஏற்றிவிட்டார்கள். "ஒருத்தியின் நகையை அடகு வைத்து, அந்தக் காசிலேயே அவளை வாங்கி, வட்டியையும் அவளையே கட்டச் சொல்கிற மாதிரி" என்றார். எங்கள் ஊரில் அடகுக்கடை வாசல் மிதிக்காத வீடு குறைவு. எல்லோருக்கும் சட்டென்று விளங்கியது. இது விளையாட்டுப் பேச்சா, வியாபாரப் பேச்சா? அந்தக் காகிதத்தை ஒட்டினால் மச்சான் வாயைத் திறக்கலாமா கூடாதா?

பாட்டும் அப்படித்தான். இடைவேளையில் ஐஸ்வாடிப் பொடியன் டோல்கி தட்டுவான், பைலாவும் பழைய சினிமாப் பாட்டும் கலந்து ஓடும். அதையும் "விளையாட்டு இல்லை" என்று நிறுத்துவதா?

இப்படிக் கூடிப் பார்க்கிறவர்கள் உங்களில் இருந்தால் சொல்லுங்கள். சண்டையும் வரக்கூடாது, பேச்சும் சாகக்கூடாது. 2026 ஜூன் 11இல் உலகக் கிண்ணம் தொடங்குகிறது. 48 அணிகள், 104 போட்டிகள். அதற்குள் ஒரு ஒழுங்குக்கு வரவேண்டும்.

பதில்: சாரம் கட்டினவன்

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நான் கிண்ணியா. உங்கள் ஸ்டோருக்கு வந்ததில்லை, ஆனால் வருகிற பொடியன்களில் ஒருவன் எங்கள் தெருவாக இருக்கலாம்.

நான் கட்டாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தவன். 2010 டிசம்பரில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபா அந்த நாட்டுக்கு உலகக் கிண்ணத்தைக் கொடுத்தது, அதற்குப் பிறகு கட்டட வேலைக்கு ஆள் எடுத்த அலையில் போனேன். பாஸ்போர்ட்டைக் கம்பனி வாங்கி வைத்துக்கொண்டது. வேறு வேலைக்கு மாற வேண்டுமென்றால் முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும், அது கிடைக்காது. கோடையில் இரும்புக் குழாயைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. வாப்பா மௌத்தானபோது எனக்கு வர விடவில்லை. இதை நான் யாரிடமும் சண்டைக்காகச் சொல்வதில்லை, நடந்தது இது.

பிறகு 2020இல் சட்டம் மாறியது. அந்தச் சம்மதக் கடிதம் தேவையில்லை என்றார்கள். 2021இலிருந்து மாதம் 1000 ரியால் அடிப்படைச் சம்பளம் எல்லோருக்கும் என்று வந்தது. ஏன் மாறியது? உலகமெல்லாம் பந்து பார்க்கிற ஆட்கள் அதைப் பற்றிப் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின, தொழிற்சங்கங்கள் விடவில்லை. "விளையாட்டு மட்டும்" என்று எல்லோரும் வாயை மூடியிருந்தால் எனக்குப் பின்னால் போன பொடியன்களுக்கு அந்தக் கொஞ்சமும் கிடைத்திருக்காது.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 18 இரவு, லுசைல் மைதானத்தில் ஆர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று நின்று பெனால்டிக்குப் போனபோது நான் கிண்ணியாவில் டீவிக்கு முன்னால் இருந்தேன். கண்ணில் தண்ணீர். மெஸ்ஸிக்காகவும்தான். அதோடு, அந்தப் பாலைவனத்தில் மைதானங்களும் ஹோட்டல்களும் ரோடுகளும் எழும்பியதில் என் கையும் இருந்தது. என் பிள்ளைகள் படுக்கிற வீடு அந்தச் சம்பளத்தில் கட்டியது. பெருமையும் கோபமும் ஒரே நெஞ்சில் இருக்கிறது தம்பி, ஒன்றை விடச் சொன்னால் என்னால் முடியாது.

என் யோசனை ஒன்றுதான். ஒரு நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், அங்கே வேலை செய்தவன் முதலில் பேசட்டும். மற்றவர்கள் அவன் முடிக்கும்வரை கேட்கட்டும். யூடியூபில் பார்த்தவன் கடைசியில் பேசலாம். மதத்தை இழுத்தவர் அங்கே வேலை செய்தவராக இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பதில்: பந்தைப் பாருங்கள்

நான் மூதூர். மாஸ்டர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

2006 யுத்தத்தில் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடிய குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அரசியல் பேசாத நாளே இல்லை. சோறு தின்னும்போதும் அதுதான், கல்யாண வீட்டிலும் அதுதான். எனக்கு வாரத்தில் 90 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் பந்து எங்கே போகிறது என்பதைத் தவிர வேறொன்றும் மண்டைக்குள் இருக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் யார், எந்தப் பள்ளிக்குப் போகிறார், எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்ற நினைப்பு வராத ஒரே இடம் எனக்கு அதுதான்.

பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச விருப்பமில்லாதவனுக்கும் அங்கே ஒரு பாய் இருக்க வேண்டும். எழுந்து போன அந்த இரண்டு பேரும் கோபத்தில்தான் போனார்கள் என்று எப்படித் தெரியும்? களைத்துப் போயிருக்கலாம்.

பதில்: உப்புவெளி கோல்கீப்பர்

அண்ணே, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்களும் எழுதட்டும்.

சாரம் கட்டின நானா, அடுத்த சனி கட்டாயம் வாங்கோ. பாலத்தில் ஏறினால் அரை மணிக்குள் எங்கள் பக்கம்.

பதில்: மூலைக்கொடி

லண்டனிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது திருகோணமலை டவுன். லிவர்பூல் ரசிகன். ஒரு விஷயம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் மேட்ச் தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து பாடுகிற "You'll Never Walk Alone" (நீ ஒருபோதும் தனியே நடக்கமாட்டாய்) பாட்டு எல்லோருக்கும் தெரியும். அது விளையாட்டுக்காக எழுதிய பாட்டே இல்லை. 1945இல் ஒரு அமெரிக்க இசைநாடகத்துக்காக எழுதியது. 1963இல் லிவர்பூல் ஊர்ப் பொடியன்களின் குழு ஒன்று அதைப் பாடி, இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் அப்போதைய பிரபலமான பாட்டுகளை மைதானத்து ஒலிபெருக்கியில் போடுவார்கள், சனம் சேர்ந்து பாடும். மற்றப் பாட்டுகள் போய்விட்டன, இது தங்கிவிட்டது.

1989 ஏப்ரல் 15க்குப் பிறகு அதை யாராலும் வெறும் பாட்டாகப் பாட முடியவில்லை. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. கம்பி வேலிக்குள் சனத்தை அளவுக்கு மீறி விட்டு, நெரிந்து 97 பேர் இறந்தார்கள். பழியை ரசிகர்கள் மேலேயே போட்டது பொலிஸ். குடித்துவிட்டு வந்தார்கள், கதவை உடைத்தார்கள் என்று சொன்னார்கள், ஒரு பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூலில் இன்றைக்கும் அந்தப் பத்திரிகையை வாங்காத கடைகளும் வீடுகளும் நிறைய. தாய்மாரும் தகப்பன்மாரும் வருஷக்கணக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். 2016இல்தான் ஜூரி சொன்னது: அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள் மேல் பிழை இல்லை. 2019 நவம்பரில் அன்றைக்குப் பொறுப்பாக இருந்த பொலிஸ் அதிகாரி குற்றவாளி இல்லை என்று விடுதலையானார்.

அதே 2019, ஜூலை மாதம், எங்கள் ஊர் நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கு. சாட்சி போதாது என்று குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் ஸ்டோரில் பாய் விரித்து மேட்ச் பார்க்கிற வயது.

நான் ஆன்ஃபீல்டுக்கு முதல் தடவை போனபோது பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பிறகு பாட்டுத் தொடங்கியது, இரண்டு பேரும் எழுந்து பாடினோம். அதில் விளையாட்டு எது, அரசியல் எது, பாட்டு எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. விளையாட்டு மட்டும் என்று அவர் தொடங்கியிருந்தால் எனக்கு அந்த அம்மாவைத் தெரிந்தே இருக்காது.

மூதூர் அண்ணன் சொன்னதையும் தள்ள மாட்டேன். ஹில்ஸ்பரோ குடும்பங்களிலும் சிலர் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. அதையும் மதிக்க வேண்டும்.

பதில்: இடதுகால்

நான் ஆட்டக்காரி. பெண்கள் அணியில் இடதுபக்க விங். பேச்சு முழுக்க ஐரோப்பாவிலேயே நிற்பதால் நம் கதையையும் சொல்கிறேன்.

2023 ஜனவரியில் பீஃபா இலங்கையைத் தடை செய்தது. காரணம் உதைபந்தாட்டச் சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு. தடை எடுபட்டது ஓகஸ்ட் கடைசியில். ஏழு மாதம் தேசிய அணி எதற்கும் சர்வதேசப் போட்டி இல்லை, பீஃபா காசும் இல்லை. அந்த வயதில் ஒரு பெட்டைக்கு ஏழு மாதம் என்றால் என்ன தெரியுமா? வீட்டில், "இனியும் எதற்குப் பந்து?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். என்னோடு ஆடியவர்களில் சிலர் அப்போது விட்டவர்கள்தான், திரும்பி வரவில்லை. நாங்கள் அரசியல் பேசவில்லை. அது எங்கள் மைதானத்துக்குள் தானாக வந்தது.

வியாபாரமும் அப்படித்தான். ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் ஒலிபெருக்கியைப் பிடிக்கிற அண்ணன் வர்ணனைக்கு நடுவே, கிண்ணத்துக்கு அனுசரணை தந்த கனடா மாமா, சுவிஸ் சித்தப்பா என்று வரிசையாக வாசிப்பார். அது இல்லாவிட்டால் போட்டியே இல்லை, அவர்களுக்கு மெய்யாகவே நன்றி. ஆனால் ஆண்கள் கிண்ணத்துக்கு ஒரு தொகை, எங்களுக்கு அதில் ஒரு துண்டு. இதைக் கேட்டால் "தங்கச்சி, விளையாட்டில் கவனம் வை" என்பார்கள். "விளையாட்டு மட்டும்" என்ற சொல்லை நான் எப்போதும் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். அதனால் அந்தக் காகிதத்தை ஒட்டாதீர்கள்.

நல்லதும் இருக்கிறது. 2025 ஜூனில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் நம் ஆண்கள் அணி சீன தைப்பேயை கொழும்பில் 3-1 என்று வென்றது. சிங்களம், தமிழ், முஸ்லிம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் என்று எல்லாம் கலந்த அணி. சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் மாதிரியானவர்கள் நம் சட்டையைப் போடுகிறார்கள். அன்று பாப்பரே வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் யார் என்ன மொழி என்று தெரிந்திருக்காது.

அப்புறம் ஒன்று கேட்கிறேன் அண்ணா. உங்கள் ஸ்டோருக்கு வருகிறவர்களில் பொம்பிளைகள் ஒருவர்கூட இல்லையே, ஏன்?

பதில்: துறைமுக வீதி

சுருக்கமாக. ஜேர்மனியில் 1998இலிருந்து ஒரு விதி இருக்கிறது. கழகம் கம்பனியாக மாறினாலும், வாக்குரிமையில் பாதியும் அதற்கு மேல் ஒரு வாக்கும் அங்கத்தவர்களிடம் இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி சில விலக்குகள் உண்டு. அதனால்தான் அங்கே டிக்கெட் விலையைக் கூட்டினால் ரசிகன் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க முடிகிறது. 2021 ஏப்ரலில் 12 பெரிய கழகங்கள் சுப்பர் லீக் என்று தனியாகப் போகப் பார்த்தபோது அந்தப் பட்டியலில் ஒரு ஜேர்மன் கழகமும் இல்லை.

இதை ஏன் திருகோணமலையில் பேச வேண்டும்? சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நம் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 நம் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இந்தப் பங்கு யாரிடம், முடிவு யாரிடம், ஊர்ப் பொடியனுக்கு வேலை எத்தனை என்று கேட்கத் தெரிந்தவன், மான்செஸ்டரில் என்ன நடக்கிறது என்பதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். பந்தைப் பற்றிப் பேசப் பழகிய பொடியன்தான் நாளைக்குப் பிரதேச சபைக் கூட்டத்தில் கேள்வி கேட்பான்.

பதில்: உப்புவெளி கோல்கீப்பர்

எல்லோருக்கும் நன்றி. மச்சானும் மாஸ்டரும் பக்கத்தில் இருந்து இதையெல்லாம் வாசித்தார்கள். மாஸ்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காகிதம் வேண்டாம். ஆனால் மூதூர்க்காரர் சொன்னதை விடாதே" என்றார்.

முடிவு இப்படி. பந்து ஓடுகிற 90 நிமிடமும் பந்துதான். மூதூர் அண்ணனுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் முன்வரிசைப் பாய். இடைவேளை டோல்கிக்கு. கடைசி விசில் ஊதியதும் வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. இருக்கிறவர்களுக்குப் பிளேன்டீ போட்டு, எதைப் பற்றியும் பேசலாம். நானா சொன்ன மாதிரி, அனுபவப்பட்டவர் முதலில். ஒருவருடைய மதத்தை யாராவது இழுத்தால் பேச்சை அன்றைக்கு அதோடு முடிப்பேன். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எழுந்து போன இரண்டு பேரில் ஒருவரை நேற்று மார்க்கட்டில் கண்டேன். கோபம் இல்லை, மகளுக்குக் காய்ச்சல் என்றார். மற்றவர் வீட்டுக்கு ஞாயிறு போகிறேன், மாஸ்டரும் வருகிறேன் என்றார்.

இடதுகால் தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் மனைவியிடம் காட்டினேன். "இரவு பதினொரு மணிக்கு ஆம்பிளைகள் நிறைந்த ஸ்டோருக்கு யார் வருவார்கள்? முதலில் லைட்டும் கக்கூசும் ஒழுங்காகப் போடு" என்றாள். சரி என்றேன். உலகக் கிண்ண இறுதிப் போட்டி நம் நேரத்துக்கு ஜூலை 20 அதிகாலை 12.30. அதற்கு முன்னால் இரண்டையும் செய்து முடிக்கிறேன். உங்கள் அணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சுற்றுப்போட்டி ஒலிபெருக்கி அண்ணனின் நம்பர் இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள், ஒரு இரவுக்கு ஸ்பீக்கர் வாடகை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.